27,000 ஏக்கரில் எஞ்சியது: லாங் பீச் நகரின் லாஸ் செர்ரிட்டோஸ் மண் வீடு

கலிஃபோர்னியா மாநிலத்தின் லாங் பீச் நகரம் துறைமுகத்துக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் பேர்போனது. நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நகரின் வடபகுதியில், கோல்ஃப் மைதானம் ஒன்றை ஒட்டிய குடியிருப்புத் தெருவின் கோடியில், 1844-ஆம் ஆண்டில் பச்சை மண்கல்லால் கட்டப்பட்ட மாடி வீடு ஒன்று இன்றும் நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த வீட்டின் மாடியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை தெரிந்த நிலமெல்லாம், அதாவது 27,000 ஏக்கர், அந்த வீட்டுக்கே சொந்தமாக இருந்தது. இப்போது அதைச் சுற்றி எஞ்சியிருப்பது 4.7 ஏக்கர். மீதி அத்தனையும் லாங் பீச் நகரமாகவும் அதன் அண்டை ஊர்களாகவும் மாறிவிட்டது.

இந்த வீடு எப்படிப் பிழைத்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. இதன் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழமையின் மீது யாரோ வைத்திருந்த இடையறாத பக்தி இந்த வீட்டைக் காப்பாற்றவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் அதை யாரும் சரியாகக் கவனித்ததே இல்லை. பின்னர் அதைக் காப்பாற்றிய பெரும் பழுதுபார்ப்போ, பழங்கட்டடப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் இன்று அனுமதிக்கவே மாட்டார் என்று சொல்லும்படியான மாற்றங்களைச் செய்தது. பழைய வீட்டைக் குலைத்த கையே அதைத் தாங்கியும் பிடித்தது என்ற இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல், லாஸ் செர்ரிட்டோஸ் வீட்டை "1844-ஆம் ஆண்டின் வீடு" என்று சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மைதான்.

சுவரும் கூரையும்

இந்த வீட்டின் பச்சை மண்கல்லுக்கு ஆங்கிலத்தில் அடோபி என்று பெயர், ஸ்பானிய மொழி வழியாகப் பரவிய சொல். ஸ்பானியர் அதை அரபியிலிருந்து பெற்றனர், அரபியர் பழைய எகிப்திய மொழியிலிருந்து பெற்றனர். பொருள் என்னவோ நமக்குத் தெரிந்ததுதான்: சூளையில் வேகாத பச்சைக்கல். களிமண்ணும் வண்டலும் மணலும் கலந்த மண்ணை நீர்விட்டுக் குழைத்து, வெடிப்பு விடாமல் இருக்க வைக்கோலை நறுக்கிப் போட்டு, காலால் மிதித்து, அடியில்லாத மரச்சட்டத்தில் அடித்து, சட்டத்தை உருவிவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் கல்லை நிமிர்த்தி மறுபக்கத்தைக் காயவிட வேண்டும். முற்றிலும் காயச் சில வாரங்கள் ஆகும். மரம் அரிதாகவும் வெயில் தாராளமாகவும் இருந்த தென் கலிஃபோர்னியாவில் இதைவிடப் பொருத்தமான கட்டுமானப் பொருள் அன்று இல்லை. சுவர் கட்டும்போது கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வைக்கும் சாந்தும் அதே மண்தான். ஆகவே முடிந்த சுவர் என்பது உண்மையில் தனித்தனிக் கற்களாகத் தெரியும் ஒற்றை மண்பாளம்.

இத்தகைய சுவருக்கு வெயிலும் குளிரும் பகையல்ல. நீர் ஒன்றுதான் பகை, அதுவும் இரண்டே வழிகளில் வருகிறது. கூரை ஒழுகினால் சுவரின் தலை நனைந்து கரைகிறது. தரையிலிருந்து ஓதம் ஏறினால் சுவரின் கால் இளகுகிறது. இவற்றுள் ஓதம் ஏறுவது மெதுவானது, ஆனால் வஞ்சகமானது. நீரோடு உப்பும் ஏறி, சுவரின் புறப்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிப் பூத்து, மண்ணைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. தரைக்குச் சற்று மேலே சுவர் உள்வாங்கி அரித்துப் போயிருப்பதைப் பழைய மண் வீடுகளில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எனவே ஒரு மண் வீட்டின் வரலாற்றைப் படிக்க விரும்புபவர் உரிமையாளர்களின் பெயர்ப்பட்டியலைப் படிப்பதற்கு முன்பு அதன் கூரையின் வரலாற்றையும் அஸ்திவாரத்தின் வரலாற்றையும் படிப்பது நல்லது.

லாஸ் செர்ரிட்டோஸ் வீட்டைக் கட்டிய ஜொனதன் டெம்பிள் இரண்டிலும் கவனமாக இருந்தார். அவர் பிறந்தது அமெரிக்காவின் வடகிழக்கே மாசசூசெட்ஸில், மரவீடுகளும் செங்கல் வீடுகளும் நிறைந்த பகுதியில். ஆகவே வீட்டின் சுவரை உள்ளூர் வழக்கப்படி மண்கல்லில் எழுப்பினாலும், அதன் அடியில் சுட்ட செங்கல்லில் அஸ்திவாரம் போட்டார். அந்தச் செங்கல் தென்னமெரிக்காவின் கோடிமுனையைச் சுற்றிக் கப்பலில் வந்தது. உத்தரங்களுக்கும் பலகைகளுக்கும் வேண்டிய செம்மரம் வட கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. (இது நம் ஊர்ச் செஞ்சந்தனம் அல்ல, விண்ணை முட்டும் ரெட்வுட் மரம்.) வீட்டின் நடுப்பகுதி மாடியோடு கூடியது, அதன் இரு முனைகளிலிருந்தும் சுமார் 140 அடி நீளமுள்ள இரண்டு தாழ்ந்த சிறகுகள் பின்னோக்கி நீண்டு ஒரு பெரிய முற்றத்தை அணைத்துக்கொள்கின்றன. மாடியை ஒட்டி நீண்ட மரத் தாழ்வாரம். ஸ்பானிய மண்சுவரையும் வடகிழக்கு அமெரிக்காவின் மாடி அமைப்பையும் இணைத்த இந்தப் பாணிக்கு மான்டெரே பாணி என்று பெயர். கீழ்த்தளத்துச் சுவர்களின் கனம் ஏறக்குறைய மூன்றடி வரை வருகிறது. ஜன்னல் ஒன்றின் உட்புறத் திண்டில் ஒரு பெரியவர் தாராளமாக உட்காரலாம் என்று சொன்னால் அந்தக் கனம் விளங்கும்.

கூரைதான் இன்று பார்ப்பவர்களை ஏமாற்றுவது. இப்போது வீட்டின் மேல் சிவப்பு ஓடு வேய்ந்திருக்கிறது, "ஸ்பானிய வீடு" என்றால் மனத்தில் தோன்றும் அதே ஓடு. டெம்பிள் கட்டியபோது அங்கே ஓடே இல்லை. செம்மரப் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் மணலும் சரளையும் போட்டு, பெரிய இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சிய தாரை ஊற்றி இறுக்கிய தட்டையான கூரை அது. ஸ்பானியர் "ப்ரேயா" என்று அழைத்த அந்தத் தார், லாஸ் ஏஞ்சலஸ் சமவெளியில் தரையிலிருந்து தானாகக் கசிந்து குட்டைகளாகத் தேங்கியிருந்தது. ஊரார் வண்டி கொண்டுபோய் வெட்டி எடுத்துவந்து கூரைக்குப் பூசினர். கோடையில் இளகி இறவாணத்திலிருந்து சொட்டும், குளிரில் வெடிக்கும், ஆண்டுதோறும் யாராவது ஏறிப் பூச வேண்டும். ஆனாலும் மண்சுவரின் தலையில் நீர் இறங்காமல் அது காத்தது. தரைக்கடியில் இருந்த எண்ணெயின் கசிவே இந்தத் தார் என்பதை, அதாவது ஒழுகும் கூரைக்குப் பூசிய அதே பொருளின் ஊற்றுக்காக ஒருநாள் இந்த நிலத்துக்கே போட்டி நடக்கப்போகிறது என்பதை, 1844-இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நிலம் கைமாறிய விதம்

இந்தப் பகுதி முதலில் டோங்வா என்ற பழங்குடி மக்களுடையது. வீடு நிற்கும் மேட்டுக்கு அருகே அவர்களுடைய ஊர் ஒன்று இருந்தது. 1771-இல் நிறுவப்பட்ட சான் கேப்ரியேல் மடம் அவர்களை மதம் மாற்றித் தன் வயல்களிலும் மந்தைகளிலும் வேலைக்கு வைத்துக்கொண்டது. 1784-இல் ஸ்பானிய ஆளுநர் பெட்ரோ ஃபாகெஸ், மனுவேல் நியெட்டோ என்ற படைவீரருக்கு மூன்று லட்சம் ஏக்கர் அளவில் மேய்ச்சல் உரிமை கொடுத்தார். மடத்தின் மேய்ச்சல் நிலத்தோடு தகராறு வந்ததால் 1790-இல் அது ஒரு லட்சத்து 67 ஆயிரம் ஏக்கராகக் குறைக்கப்பட்டது. குறைத்த பிறகும் இது எவ்வளவு பெரிது என்பதை யோசித்துப் பார்க்கலாம். ஒரு தாலுகாவின் பரப்பு ஒரு குடும்பத்தின் பட்டியாக இருந்திருக்கிறது. இந்தக் கணக்கு வழக்குகள் எதிலும் டோங்வா மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்பெயினின் கையிலிருந்து மெக்சிகோவுக்கு நாடு மாறிய பின், 1834-இல் ஆளுநர் ஹோசே ஃபிகெரோவா நியெட்டோவின் வாரிசுகளுக்கு நிலத்தைப் பங்கிட்டார். மகள் மனுவேலாவுக்கு வந்த பங்குதான் ரான்சோ லாஸ் செர்ரிட்டோஸ், 27,000 ஏக்கர். ரான்சோ என்றால் மேய்ச்சல் பண்ணை. செர்ரிட்டோஸ் என்றால் சிறு குன்றுகள். ஒரு மகள் தன் பெயரிலேயே இவ்வளவு நிலத்துக்கு உரிமை பெற்றது அன்றைய ஆங்கிலச் சட்டத்தின் கீழ் எளிதில் நடக்கக்கூடியதல்ல; ஸ்பானிய, மெக்சிக வாரிசுச் சட்டம் பெண்ணுக்குச் சொத்துரிமையை மறுக்கவில்லை. மனுவேலா இறந்தபின் 1843-இல் அவருடைய பிள்ளைகள் பண்ணையை டெம்பிளுக்கு விற்றனர். டெம்பிள் முற்றிலும் அந்நியரும் அல்லர். 1827-இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, அந்த ஊரின் முதல் பல்சரக்குக் கடையைத் திறந்து, மெக்சிகக் குடிமகனாகி, மனுவேலாவின் கணவர் வழி உறவினரான ரஃபேலா கோட்டாவை மணந்தவர். அவர் பெயரால் இன்றும் லாஸ் ஏஞ்சலஸில் டெம்பிள் தெரு இருக்கிறது. அவருக்கு இந்த வீடு பண்ணையின் தலைமையிடம், கோடைக்கு வந்து தங்குமிடம், குடியிருந்தது நகரத்தில்தான். முற்றத்துச் சிறகுகளில் கொல்லர் பட்டறையும் பண்டகசாலைகளும் வேலையாட்களின் அறைகளும் இருந்தன. மண்கல் அறுத்ததும் மாடு மேய்த்ததும் பெரும்பாலும் அந்தப் பழங்குடி மக்களே. ஆவணங்களில் அவர்கள் பெயரில்லாமல் எண்ணிக்கையாகவே வருகின்றனர்.

டெம்பிளின் செல்வம் மாட்டுத் தோலிலும் கொழுப்பிலும் வந்தது. 1848-க்குப் பின் தங்க வேட்டைக்கு வந்து குவிந்த கூட்டத்துக்கு மாட்டிறைச்சி விற்றதில் இன்னும் பெருகியது. அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. 1861-62 குளிர்காலத்தில் பெருவெள்ளம், அதைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கடும் வறட்சி. தென் கலிஃபோர்னியாவில் மாடுகள் ஆயிரக்கணக்கில் மேய்ச்சலின்றிச் செத்தன. 1866-இல் டெம்பிள் 27,000 ஏக்கரையும் வீட்டோடு 20,000 டாலருக்கு விற்றார். ஏக்கருக்கு ஒரு டாலர்கூடத் தேறவில்லை. அதே ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்கா கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்ட பின் வந்த 1851-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, மெக்சிகக் காலத்துப் பட்டா வைத்திருந்த ஒவ்வொருவரும் தம் உரிமையை ஆணையத்தின் முன் நிரூபிக்க வேண்டியிருந்தது. டெம்பிள் 1852-இல் மனுப் போட்டார். அமெரிக்க அரசு அவர் பெயருக்குப் பட்டா வழங்கியது 1867-இல்: நிலத்தை விற்றபின், ஆளும் இறந்தபின். அந்த நடைமுறையில் வழக்குச் செலவுக்கே நிலத்தை இழந்த மெக்சிகக் குடும்பங்கள் பல என்பதை நினைத்தால், டெம்பிள் கொடுத்துவைத்தவர் என்றே சொல்ல வேண்டும்.

வாங்கியது ஃப்ளின்ட், பிக்ஸ்பி நிறுவனம்: மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த நெருங்கிய உறவினர்கள் ஆட்டுப்பட்டி வணிகத்தில் இறங்கி நடத்தியது. பங்குதாரர் லெவெலின் பிக்ஸ்பியின் தம்பி ஜோத்தம் பிக்ஸ்பியைப் பண்ணையைப் பார்த்துக்கொள்ள அனுப்பினர். அவரும் சில ஆண்டுகளில் பங்குதாரரானார். முந்தைய ஆண்டு முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்து அறுந்து கம்பளிக்கு விலை ஏறியிருந்தது. மாடு மேய்ந்த நிலத்தில் 30,000 ஆடுகள் வரை மேய்ந்தன. ஆண்டுக்கு இரண்டு லட்சம் பவுண்டு கம்பளி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேறியது. ரோமம் கத்தரிக்கும் பருவத்தில் கத்தரிப்பாளர் கூட்டம் ஒன்று குதிரைகளில் வந்து இறங்கும். முற்றமும் கொட்டகைகளும் தூசியும் கம்பளிப் பிசுக்கும் ஆட்டின் கத்தலுமாக நிறையும். ஜோத்தம், மார்கரெட் தம்பதியரின் ஏழு பிள்ளைகள் இந்த வீட்டோடு வளர்ந்தனர். சமையலறை சீனச் சமையல்காரர்களின் கையில் இருந்தது. வீட்டின் வரலாற்றில் அது மனித நடமாட்டம் மிகுந்த காலம், 1881-இல் முடிந்தது. ஜோத்தமின் குடும்பம் வேறிடத்துக்குப் பெயர்ந்தது.

பாழாய்க் கிடந்த காலம்

கம்பளியை விட நிலத்தை விற்பது லாபம் என்ற நிலை 1880-களில் வந்தது. வில்லியம் வில்மோர் என்ற ஆங்கிலேயர் பிக்ஸ்பிகளோடு ஒப்பந்தம் செய்து, கடலோரத்தில் 4,000 ஏக்கரில் ஊர் ஒன்று அமைக்க முயன்றார். மனைகள் போதுமான அளவுக்கு விலைபோகவில்லை. 1884-இல் அவர் கைவிட்டதை வேறொரு நிறுவனம் எடுத்து, அதற்கு லாங் பீச் என்று பெயர் வைத்தது. நகரம் கடலோரத்திலிருந்து உள்நோக்கி வளர்ந்தது. வீடோ ஆற்றை ஒட்டிய மேட்டில், ஊருக்குப் பல மைல் வடக்கே, குத்தகைக்காரர்களிடம் விடப்பட்டுக் கிடந்தது. சில அறைகளில் ஆட்கள், சிலவற்றில் தட்டுமுட்டுச் சாமான்கள், சில இடங்களில் வானம் தெரியும் கூரை. தாருக்குப் பதிலாகப் பலகை ஓடுகள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன, அவையும் பழசாகின. சுவரின் தலையை எது காத்ததோ அது போனதும் சுவர் கரையத் தொடங்கியது.

ஏன் யாரும் இடித்துத் தள்ளவில்லை? இடிக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை என்பதே நேர்மையான விடை. லாஸ் ஏஞ்சலஸ் நடுநகரில் இருந்த மண் வீடுகள் பலவும் கடைத்தெருவுக்கு இடம் வேண்டும் என்று இடிபட்டன. இங்கே கடைத்தெரு வர வெகுகாலம் ஆனது. நிலமும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. 1921 ஜூன் மாதம் சிக்னல் ஹில் குன்றில், அதாவது பண்ணைக்கே பெயர் தந்த அந்தச் சிறு குன்றுகளில், எண்ணெய் பீறிட்டது. அதன்பின் லாங் பீச்சின் பெரும்பகுதி மரக் கோபுரங்களால் காடானது. எண்ணெய்க் களம் வீட்டின் வாசலுக்கு வராமல் தெற்கே நின்றதும், வீட்டைச் சுற்றிய நிலத்தில் கோபுரங்களுக்கு மாறாகக் கோல்ஃப் மைதானமும் வசதியானவர்களின் குடியிருப்பும் அமைந்ததும் தற்செயல்தான், ஆனால் வீட்டின் ஆயுளைத் தீர்மானித்த தற்செயல். பாரம்பரியச் சின்னங்களைப் பற்றி எழுதும்போது நாம் காப்பாற்றியவர்களையே பேசுகிறோம். வெறுமனே தொந்தரவு செய்யாமல் விட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

1930: பழுதுபார்ப்பா, புதுக்கட்டுமானமா?

1930-இல் ஜோத்தமின் அண்ணன் மகன், தந்தையின் பெயரையே கொண்ட லெவெலின் பிக்ஸ்பி, வீட்டையும் சுற்றியுள்ள சிறிதளவு நிலத்தையும் வாங்கிக் குடிபுக முடிவு செய்தார். அவருடைய அக்கா சாரா பிக்ஸ்பி ஸ்மித், ஆடுகள் மேய்ந்த நாட்களில் அந்த வீட்டில் சிறுமியாகக் கழித்த பொழுதுகளை 1925-இல் நூலாக வெளியிட்டிருந்தார்; அந்தத் தார்க் கூரையையும் முற்றத்தையும் பற்றிய நேரடி விவரிப்பு அதில் இருக்கிறது. தம்பி செய்த பழுதுபார்ப்பு அக்காவின் நினைவைப் பின்பற்றவில்லை. கட்டடக் கலைஞர் கென்னத் விங் வரைந்த திட்டப்படி கூரைக்குச் சிவப்பு ஓடு வந்தது, சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு வந்தது, மின்சாரமும் குழாய்களும் புதிய தரைகளும் கணப்படுப்புகளும் கண்ணாடியிட்ட வெயில் அறையும் வந்தன. தோட்டத்தை ரால்ஃப் கார்னெல் புதிதாக அமைத்தார். டெம்பிள் நட்ட மரங்களில் தப்பியவற்றை அவர் விட்டுவைத்து, அவற்றைச் சுற்றித் தன் வடிவத்தை வரைந்தார்.

அன்றைய கலிஃபோர்னியாவில் ஸ்பானிய மறுமலர்ச்சிப் பாணி உச்சத்தில் இருந்தது. வங்கியும் ரயில் நிலையமும் சினிமா அரங்கும் சிவப்பு ஓட்டோடு கட்டப்பட்டன. ஆகவே லாஸ் செர்ரிட்டோஸ் வீட்டுக்கு நேர்ந்ததை இப்படிச் சொல்லலாம்: உண்மையாகவே மெக்சிகக் காலத்தில் கட்டப்பட்ட வீடு ஒன்று, அந்தக் காலத்தைப் பற்றி 1930-இல் மக்கள் வைத்திருந்த கற்பனைக்கு ஏற்ப ஒப்பனை செய்துகொண்டது. இது குற்றம் என்று ஒரு தரப்பு வாதிடலாம். என் கருத்து வேறு. ஓடு வேய்ந்த சரிவுக் கூரை மழைநீரைச் சுவரிலிருந்து விலக்கி வீழ்த்தியது. அரை நூற்றாண்டு நனைந்து கரைந்த சுவரின் தலைக்கு முதன்முறையாக நம்பகமான மூடி கிடைத்தது. அதைவிட முக்கியமாக, அதில் ஒரு குடும்பம் குடியிருந்தது. ஒழுகல் கண்ட மறுநாளே ஆள் கூப்பிடும் உரிமையாளர் ஒருவர் உள்ளே இருப்பதற்கு ஈடான பாதுகாப்பு முறை மண் வீட்டுக்குக் கிடையாது. கூரையின் வரலாற்று உண்மையைக் காப்பாற்றியிருந்தால் கூரையைத் தாங்கும் சுவர் இருந்திருக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

பழுதுபார்ப்பு முடிந்து மூன்றாண்டு ஆவதற்குள் சோதனை வந்தது. 1933 மார்ச் 10 மாலை, 6.4 அளவிலான நிலநடுக்கம் லாங் பீச்சை உலுக்கியது. சுமார் 120 பேர் இறந்தனர். அதிகம் விழுந்தவை மண் வீடுகள் அல்ல, கம்பி வைக்காமல் சுட்ட செங்கல்லில் கட்டிய நவீனக் கட்டடங்கள், அவற்றுள் பள்ளிகள் பல. பள்ளி நேரம் முடிந்த பின் நடுக்கம் வந்ததால் பிள்ளைகள் தப்பினர். அந்த அதிர்ச்சியில் ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான கடுமையான சட்டம் கலிஃபோர்னியாவில் நிறைவேறியது. பண்ணை வீடு நின்றது. இதை வைத்து மண் வீடு நிலநடுக்கத்தைத் தாங்கும் என்று பொதுவாக முடிவுகட்டுவது ஆபத்தானது. பெருவில் இருந்து ஈரான் வரை எத்தனையோ ஊர்களில் மண்சுவர் சரிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டிருக்கின்றனர். இந்த வீட்டின் சுவர்கள் உயரத்தை ஒப்பிட மிகக் கனமானவை, நீண்ட சிறகுகள் தாழ்வானவை, கூரையும் சுவரும் அண்மையில்தான் சீர்செய்யப்பட்டிருந்தன. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில் மண்சுவர் வெடித்தாலும் விழாமல் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

லெவெலின் பிக்ஸ்பி 1942-இல் மறைந்தார், குடும்பம் வெளியேறியது. 1955-இல் லாங் பீச் நகரம் வீட்டை விலைக்கு வாங்கி, அருங்காட்சியகமாகவும் கலிஃபோர்னிய வரலாற்று நூலகமாகவும் திறந்தது. 1970-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. இந்த இடத்தில் விவரம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஒருவரின் பொறுப்பாகக் கூரையின் பராமரிப்பு மாறியது என்பதே அதன் சாரம்.

சிமெண்டும் நடுக்கமும்

1930-இன் பழுதுபார்ப்பு விட்டுச்சென்ற கடன் ஒன்று உண்டு, அது சிமெண்டுப் பூச்சு. பார்க்க உறுதியாக இருக்கும் சிமெண்ட், மண்சுவருக்கு ஒத்துவராது. மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும், சிமெண்ட் விடாது. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னால் தேங்கும். வெளியே வெள்ளையாக, வெடிப்பே இல்லாமல் சுவர் நிற்கும். உள்ளே அதன் கால் சேறாகிக்கொண்டிருக்கும். கையால் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம் வரும் இடத்தில் பூச்சு மண்ணைவிட்டு விலகிவிட்டது என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலிஃபோர்னியாவின் மண் கட்டடங்கள் பலவற்றுக்கும் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட தீங்கு இது. பிற்காலத்துப் பராமரிப்பாளர்களின் வேலையில் கணிசமான பங்கு, மழைநீரைச் சுவரடியிலிருந்து விலக்கி ஓட்டுவதும், தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீர் சுவரை அண்டாமல் பார்த்துக்கொள்வதும்தான். பூச்செடியை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதே என்ற எளிய விதி, மண் வீட்டைப் பொறுத்தவரை கட்டடப் பொறியியல் விதி.

நிலநடுக்கம் பற்றிய அறிவு 1990-களில்தான் தெளிவடைந்தது. கலைப்பொருள்களையும் பழங்கட்டடங்களையும் காக்கும் வழிகளை ஆராயும், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி பாதுகாப்பு நிறுவனம் மண் கட்டடங்களின் சிறு உருவங்களைச் செய்து அதிர்வு மேசைகளில் வைத்து ஆட்டிப் பார்த்தது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே 1994-இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்து, ரான்சோ காமுலோஸ் வீடு, லாஸ் என்சினோஸில் உள்ள டி லா ஓசா வீடு போன்ற பழைய மண் கட்டடங்களைப் பிளந்து, மேசையில் கண்டதை மெய்யில் காட்டியது. தெரியவந்தது இதுதான்: மண்சுவர் சிறு அதிர்விலேயே வெடித்துவிடும், அதைத் தடுக்க முடியாது, ஆனால் வெடித்த பாளங்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாமல் பிடித்துக்கொண்டால் கனமான சுவர் தன் எடையாலேயே நிற்கும். அதற்குச் சுவரை இடித்துக் கான்கிரீட் தூண் வைக்கத் தேவையில்லை. சுவரின் தலையைக் கூரையோடும் தளத்தோடும் பிணைப்பது, கிடைமட்டமாக நாரிழைப் பட்டைகளால் கட்டுவது, தேவையான இடத்தில் சுவருக்குள் செங்குத்தாகக் கம்பி செலுத்துவது ஆகியவை போதும். பழங்கட்டடங்களுக்கென்று தனிக் கட்டட விதித்தொகுப்பு ஒன்று கலிஃபோர்னியாவில் 1970-களிலிருந்தே உண்டு என்பதால், புதுக் கட்டடத்துக்கான விதியைப் பழையதன் மேல் அப்படியே சுமத்தாமல் இத்தகைய மாற்று வழிகளை ஏற்க அதிகாரிகளுக்கு இடமிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அதே லாங் பீச்சில், அதே நியெட்டோ நிலத்தின் இன்னொரு துண்டில், ரான்சோ லாஸ் அலமிட்டோஸ் என்ற மற்றொரு மண் வீடு இருக்கிறது. அதையும் பிக்ஸ்பி குடும்பத்தின் வேறொரு கிளை வைத்திருந்து 1968-இல் நகரத்துக்கு அளித்தது. அந்த வீட்டை ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியதால், மண்சுவர் இப்போது மர அறைகளுக்கு நடுவே மறைந்திருக்கிறது. அங்கே போக வேண்டுமென்றால் காவலாளி நிற்கும் தனியார் குடியிருப்பின் வாயிலைத் தாண்ட வேண்டும். லாஸ் செர்ரிட்டோஸில் ஒரு பெரும் மாற்றம் ஒரே மூச்சில் நடந்தது. லாஸ் அலமிட்டோஸிலோ மாற்றம் நிற்கவே இல்லை. இரண்டுமே தப்பின. ஒரே நகரத்தில் இரண்டு பண்ணை வீடுகளும் கடைசிவரை ஒரே குலத்தின் கையில் இருந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. பாகம் பிரிக்கும் வழக்கு, கடனுக்கு ஏலம் ஆகிய இரண்டுக்கும் அகப்படாத வீடுதான் நூறாண்டு கழித்து அருங்காட்சியகமாகும் தகுதியைப் பெறுகிறது.

இன்று வருபவர்கள் காணும் அறைகள் பெரும்பாலும் 1870-களின் ஆட்டுப்பண்ணைக் காலத்தைக் காட்டும்படி அமைக்கப்பட்டவை: கட்டில், தையல் சாமான், பிள்ளைகளின் பொம்மை, கொல்லர் பட்டறை. அவற்றின் தலைக்கு மேலுள்ள கூரை 1930. அவற்றைத் தாங்கும் சுவர் 1844. நூலக அறை மட்டும் பிந்தைய பிக்ஸ்பிகளின் காலத்தையே காட்டுகிறது. வழிகாட்டிகள் இதை மறைப்பதில்லை. எந்தச் சுவர் எந்தக் காலம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கின்றனர். கேட்காமல் போகிறவர்கள், சிவப்பு ஓட்டைப் படமெடுத்துக்கொண்டு, மெக்சிகக் காலத்து வீட்டைப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு போகின்றனர்.

கோடையில் "மட் மேனியா" என்ற பெயரில் ஒருநாள் நிகழ்ச்சி அங்கே நடக்கிறது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணும் நீரும் வைக்கோலும் கலந்த குழியில் இறங்கி மிதித்து, முழங்கால்வரை சேறோடு வந்து, குழைத்த மண்ணைக் கையால் அள்ளி மரச்சட்டத்தில் அடிக்கின்றனர். அதிகம் நீர் ஊற்றியவர்களின் கல் சட்டத்தை உருவியதும் சரிந்து பரவிவிடுகிறது. அதைச் சரியாகக் குழைத்தவர்களின் கல் நான்கு மூலையும் நிற்க, வெயிலில் கிடக்கிறது. சில நாள் கழித்து யாராவது வந்து அதை மறுபக்கம் திருப்பிவைக்க வேண்டும்.